கூரையில் ஒட்டிய பச்சை

அத்தியாயம் 4

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் ஹசிந்தா ஒரோஸ்கோ, கதவைக் கையளவு மட்டும் திறந்து. "போடச் சொல்ல வந்திருந்தா திரும்பிப் போகலாம். வேற எதுக்கு வந்திருந்தாலும் திரும்பிப் போகலாம்."

ரமீரோ செபாயோஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். முப்பத்தோரு வருஷம் யாக்கிமா பள்ளத்தாக்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். முரண்டு பிடிக்கிற முகங்களைத் தினமும் காலையில் ஏற்றி மாலையில் இறக்கியவன்.

"டீச்சர், நாங்க கையெழுத்துக்கு வரல. பீருக்கு வந்தோம்."

"மணி ஒண்ணுதான் ஆகுது."

"ஆமா, கொஞ்சம் லேட்டாயிடுச்சு. மன்னிச்சுக்கங்க."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கதவு இன்னொரு கையளவு திறந்தது. அந்த இடைவெளியில் ஒரு காலணியின் நுனி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. ஓடெட் திபோவின் காலணி.

ஓடெட் இருபத்தாறு வருஷம் அரசாங்கத்தின் எடையளவு ஆய்வாளராக இருந்தவள். பெட்ரோல் பங்குகளிலும் இறைச்சிக் கடைத் தராசுகளிலும் குறை கண்டுபிடிப்பதே வேலை. ஓய்வு பெற்ற மறுவாரம் துப்பறியும் உரிமம் வாங்கிவிட்டாள். வணக்கம் சொன்னால்கூட அது முழு எடை இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் என்பது ரமீரோவின் கணிப்பு. அவளுக்கு அவன் வண்டி ஓட்டினான், கதவு தட்டினான், வாய் பேசினான்.

"உங்க வியாழக்கிழமை பீர் வகுப்புல பதினோரு பேர் படிக்கிறாங்க. அந்தப் பதினோரு பேரும் சேர்ந்து என்னை அனுப்பியிருக்காங்க" என்றாள் ஓடெட். "நீங்க திருடலைன்னு அவங்க சொல்றாங்க. நான் எதுவும் சொல்லல. பார்த்துட்டுச் சொல்றேன்."

"பதினோரு பேர்ல இவனும் ஒருத்தனா?" ஹசிந்தா ரமீரோவைக் காட்டினாள்.

"நான்தான் டீச்சர் முதல் ஆளா கை தூக்கினேன்."

"கொதிக்க ஆரம்பிச்ச முதல் நிமிஷத்துலயே மொத்த ஹாப்ஸையும் கொட்டினவன்தானே நீ?"

"அது போன வருஷம்."

"கசப்புல வேப்பெண்ணெய் தோத்துது" என்று சொல்லிவிட்டு ஹசிந்தா உள்ளே நடந்தாள். கதவு திறந்தே இருந்தது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை மாக்ஸி ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் போட்டி. நடுவர்களில் ஒருவர் ஹார்லன் ஸ்டைவர். பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவுக்காக முந்நூறு ஏக்கரில் கொடி வளர்க்கிற பண்ணையார். அவருடைய தோட்டத்தில்தான் ஹசிந்தா பத்தொன்பது வருஷமாக மெக்கானிக். அவருக்குப் பக்கத்தில் சிறப்பு நடுவராக மிஸ் டாக்கெட் என்ற பெண், பெரிய பீர் கம்பெனி ஒன்றுக்கு ஹாப்ஸ் வாங்குகிறவள். ஸ்டைவர் கண்டுபிடித்ததாகச் சொல்லும் புது ரக ஹாப்ஸுக்கு 'எண்பத்தெட்டு' என்று பெயர். பூட்டிய வேலிக்குள் வளர்கிறது. இன்னும் யாருக்கும் விற்கவில்லை. பீரில் போட்டால் பழுத்த கொய்யாவும் எலுமிச்சம்புல்லும் கலந்த வாசம் வரும். அதை வாங்கத்தான் மிஸ் டாக்கெட் வந்திருந்தாள்.

ஹசிந்தாவின் பீர் மேசைக்கு வந்தது. மிஸ் டாக்கெட் மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். "ஹார்லன், இது உங்க எண்பத்தெட்டு இல்ல?" என்று சத்தமாகவே கேட்டாள். ஸ்டைவர் மோந்து பார்த்தார். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து, இருநூறு பேர் முன்னால் விரலை நீட்டி, "திருடி" என்றார்.

இன்று புதன்கிழமை. நான்கு மணிக்குள் ஹசிந்தா தோட்ட அலுவலகத்துக்கு வந்து, 'வேலிக்குள்ளிருந்து எடுத்தது நான்தான்' என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்திட வேண்டும். போட்டால் வேலையும் தோட்டத்து வீடும் மட்டும் போகும். போடாவிட்டால் ஷெரீஃபிடம் புகாரும் போகும்.

*

சமையலறை கண்ணாடிபோல் இருந்தது. அளவுக் கரண்டிகள் உயர வரிசையில் தொங்கின. சுவரில் மூன்று கடிகாரங்கள், மூன்றும் ஒரே நேரம் காட்டின. வகுப்பில் அவளுக்குக் 'கடிகாரம்' என்றே பெயர். கொதிக்கும்போது போட்டால் கசப்பு, அடுப்பை அணைக்கும்போது போட்டால் மணம், ஈஸ்ட் அடங்கிய ஏழாம் நாள் போட்டால் மூக்கைத் தூக்கும் வாசம். இந்த மூன்றில் ஒன்றைத் தப்ப விட்டவனை அவள் ஒரு வாரம் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள்.

"போட்டிக்கு அனுப்பின பீர் மிச்சம் இருக்கா?" ஓடெட் கேட்டாள்.

ஹசிந்தா குளிர்பெட்டியிலிருந்து இரண்டு புட்டிகளை எடுத்து வைத்தாள். இரண்டிலும் ஒரே சீட்டு: செப்டம்பர் 5. "ரெண்டும் ஒரே காய்ச்சல்தான். இந்த ரெண்டோட சரி. ஸ்டைவர் கொடுத்த ஹாப்ஸ்தான், ஆனா திருடினது இல்ல. அறுவடை முடியுறப்ப தொழிலாளிங்களுக்கு ஆளுக்கொரு பை கொடுப்பார். சாதாரண காஸ்கேட் ரகம். போன வருஷத்துப் பை. பாதி இன்னும் ஃப்ரீஸர்ல கிடக்கு."

ஓடெட் ஒரு புட்டியைத் திறந்து ஊற்றினாள். ரமீரோ மற்றதைத் திறந்தான். ஆளுக்கொரு வாய்.

"கொய்யா!" என்றான் ரமீரோ. "தலைவி, எங்க அத்தை வீட்டுக் கொல்லையில நிக்கிற மாதிரி இருக்கு."

ஓடெட் தன் கோப்பையை மறுபடி மோந்தாள். "எனக்குப் பம்பளிமாசுத் தோல். கொஞ்சம் பைன் மரம். கொய்யாவும் இல்ல, கொல்லையும் இல்ல."

"ஜலதோஷமா?"

கோப்பைகளை மாற்றிக்கொண்டார்கள். ரமீரோவின் முகம் மாறியது. அவன் கையில் இப்போது பம்பளிமாசு. ஓடெட்டின் மூக்குக்குக் கொய்யா.

"ஒரே காய்ச்சல். ஒரே தேதி. ரெண்டு வாசம்" என்றாள் ஓடெட். "எத்தனை வாளியில புளிக்க வச்சீங்க, மிஸ் ஒரோஸ்கோ?"

ஹசிந்தா கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் சொன்னாள். "ரெண்டு."

"ரெண்டுக்கும் ஹாப்ஸ் எந்தப் பையிலிருந்து?"

"அதே பை."

"எந்த நாள் போட்டீங்க?"

"ஏழாம் நாள்." இந்த முறை தாமதமே இல்லை. அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து விரித்தாள். அச்சடித்ததுபோன்ற கையெழுத்தில் இருந்தது: 'செப். 12, ஏழாம் நாள், ஹாப்ஸ், இரண்டு வாளி.' "என் நோட்டுல தப்பு இருக்காது."

"வாளி எங்க வச்சிருந்தீங்க?"

துணி துவைக்கும் அறையில். குறுகலான அறை, சலவை இயந்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை. ஒவ்வொன்றிலும் ஒரு காலி வாளி, வட்டமான மூடி, மூடி நடுவில் காற்றுப் போகிற சின்னக் குழாய். இடப்பக்கச் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. வலப்பக்கச் சுவர் பழைய மஞ்சளாகவே இருந்தது. ஓடெட் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றாள் என்றால் பத்து நிமிஷம்.

ரமீரோவின் முதுகு முப்பத்தோரு வருஷ பஸ் இருக்கைக்கு வட்டி கேட்டது. "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டான்.

"எந்திரி. சாவு வீடா இது?"

"ரெண்டே நிமிஷம். இந்த எலும்பு ஒண்ணு 'டிக்'குன்னு சொல்லணும். சொல்லிடுச்சுன்னா..." அவன் பேச்சு நின்றது. "தலைவி, இவங்க வீட்டுக் கூரைக்கு அம்மை போட்டிருக்கு."

ஓடெட் அண்ணாந்து பார்த்தாள். இடப்பக்க வாளிக்கு நேர் மேலே, கூரையில், பச்சைத் துணுக்குகள். காய்ந்து, சுருங்கி, விசிறியடித்ததுபோல் நூற்றுக்கணக்கில். வலப்பக்க வாளிக்கு மேலே கூரை சுத்தமாக இருந்தது.

அவள் சலவை இயந்திரத்தின் மேல் ஏறி நின்று ஒரு துணுக்கை நகத்தால் சுரண்டினாள். மோந்தாள். "ஹாப்ஸ்."

ஹசிந்தா கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"சுவருக்கு வெள்ளை அடிச்சிட்டீங்க. கூரை உங்களுக்கு எட்டல" என்றாள் ஓடெட், மேலே நின்றபடியே. "ரமீரோ, டீச்சர்கிட்ட படிச்சவன்தானே நீ? ஏழாம் நாள் வாளியில ஹாப்ஸ் போட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ஈஸ்ட் வேலையை முடிச்சிட்டுத் தூங்கிட்டு இருக்கும்."

"ரெண்டாம் நாள் போட்டா?"

ரமீரோ எழுந்து உட்கார்ந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டாம் நாள் ஈஸ்ட் வெறி பிடிச்ச மாதிரி கொதிச்சிட்டு இருக்கும். உள்ள பூராவும் காத்து. அதுல ஒரு பிடி ஹாப்ஸைக் கொட்டினா சோடாவுல உப்புப் போட்ட கதைதான். மூடியைத் தூக்கிட்டு..." கையை மேலே வீசிக் காட்டினான். பிறகு ஹசிந்தாவைப் பார்த்தான். பார்த்ததும் கையைக் கீழே இறக்கினான். "டீச்சர், நீங்களா?"

"நோட்டுல என்ன இருக்கோ அதுதான்" என்றாள் ஹசிந்தா.

*

குளிர்பெட்டிக் கதவில், காந்தப் பொத்தானுக்கு அடியில், தோட்டத்து அறுவடை அட்டவணை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடெட் அதைச் சத்தமாகப் படித்தாள். "ஒரோஸ்கோ. உலர்களம். செப்டம்பர் ஏழு மாலையிலிருந்து பதினஞ்சு காலை வரை. தங்கல் உலர்களத்திலேயே."

"உலர்களத்து விசிறி உடைஞ்சுது. நான் போகலைன்னா அவர் பயிர் பாதி அழுகியிருக்கும்."

"அப்ப பன்னெண்டாம் தேதி இந்த வீட்டுல நீங்க இல்ல. ஏழாம் தேதி கூப்பிட்டாங்க. திரும்பி வர எட்டு நாள் ஆகும்னு தெரியும். போறதுக்கு முன்னாடி அவசரமா முதல் வாளியில ஹாப்ஸைப் போட்டீங்க. அது கூரைக்குப் போச்சு. ரெண்டாவது வாளியைத் தொடாம ஓடினீங்க. பதினஞ்சாம் தேதி வந்து அதுல போட்டீங்க." ஓடெட் இரண்டு புட்டிகளையும் மேசையில் ஒன்றாக நிறுத்தினாள். "ஒரே பை ஹாப்ஸ். ஈஸ்ட் முழிச்சிருக்கும்போது விழுந்தது கொய்யாவா மாறிச்சு. தூங்கும்போது விழுந்தது பம்பளிமாசாவே இருந்துச்சு. வாசம் திருட்டுல வரல. தேதியில வந்திருக்கு. இதை நாலு மணிக்கு உங்க வாயால சொன்னா போதும்."

"சொல்ல மாட்டேன்."

"டீச்சர்!" என்றான் ரமீரோ.

"திருடின்னு சொல்லட்டும்." ஹசிந்தாவின் குரல் உயரவில்லை; அதுதான் ரமீரோவைப் பயமுறுத்தியது. "அது அவன் சொல்ற பொய். பொய்யை நான் தாங்குவேன். தப்பு பண்ணினேன்னு என் வாயால சொல்றது உண்மை. அந்தத் தோட்டத்துல நான் முதல் நாள் ஸ்பானர் எடுத்தப்போ பதினாலு ஆம்பளைங்க சுத்தி நின்னு, நான் எப்ப தப்பு பண்ணுவேன்னு பார்த்துட்டு இருந்தாங்க. பத்தொன்பது வருஷம். ஒரு நட்டு தப்பா முடுக்கினது இல்ல. ஏன்னா எனக்கு ஒரு தப்புகூட அனுமதி கிடையாது. உனக்குக் கிடைக்கும், ரமீரோ. நீ வேப்பெண்ணெய் காய்ச்சினாலும் முதுகுல தட்டிச் சிரிப்பாங்க."

"நீங்க தட்டல."

"நான் தட்ட மாட்டேன்."

ஓடெட் மேசையிலிருந்த புட்டிகளைக் கையில் எடுத்தாள். "புட்டி ரெண்டையும் எடுத்துட்டுப் போறேன். ஃப்ரீஸர்ல இருக்கிற பையையும்."

"எடுத்துட்டுப் போங்க. நாலு மணிக்கு நானும் வருவேன். முடியாதுன்னு அவன் முகத்தைப் பார்த்துச் சொல்றதுக்கு."

*

வெறும் கம்பங்களும் கம்பிகளுமாக நின்ற வயல்களுக்கு நடுவே வண்டி போனது. கொடியெல்லாம் அறுத்தாயிற்று.

"அவங்க திருடலைன்னு நிரூபிக்கணும்னா அவங்க தப்பு பண்ணினாங்கன்னு நிரூபிக்கணும்" என்றான் ரமீரோ. "இப்படி ஒரு கேஸை நான் பஸ்லகூடப் பார்த்ததில்ல. ஒரு பையன் ஜன்னலை உடைச்சிட்டு, உடைக்கலைன்னு சாதிச்சான். கேட்டா, குறி வச்சது ஜன்னலுக்கு இல்லையாம். குறி தப்பினதை ஒத்துக்க மனசு வரல."

ஓடெட் மடியில் இருந்த பையின் மேல் விரலால் தாளம் போட்டாள்.

"தலைவி, எதையோ எடை போடுறீங்க."

"ஒரு நிமிஷம்."

"என்ன ஒரு நிமிஷம்?"

"சனிக்கிழமை அந்தப் பீரை மோந்துட்டு ஸ்டைவர் ஒரு நிமிஷம் பேசாம இருந்தார். இருநூறு பேர் பார்த்திருக்காங்க. பொருளைத் திருட்டுக் கொடுத்தவன் உடனே கத்துவான். இறைச்சிக் கடையில தராசைத் தொட்டா, நேர்மையான கடைக்காரன் உடனே கோவிச்சுக்குவான். ஒரு நிமிஷம் யோசிக்கிறவன்..." அவள் முடிக்கவில்லை. "ஒரே ஒரு கேள்வி கேக்கணும். ஸ்டைவர்கிட்ட இல்ல."

*

அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் ஸ்டைவர்; பெரிய உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து. ஓரத்து நாற்காலியில் மிஸ் டாக்கெட், மடியில் ஒரு கோப்பு. வெளியே கசிந்துபோன ரகத்தைக் கம்பெனி வாங்காது, திருட்டு முடிந்துவிட்டது என்று எழுத்தில் வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் அந்த அவசரக் காகிதம்.

ஹசிந்தா உட்காரவில்லை. வேலை உடுப்பிலேயே வந்திருந்தாள்.

ஓடெட் இரண்டு புட்டிகளையும் பையையும் வைத்தாள். கூரையைப் பற்றி, அட்டவணையைப் பற்றி, இரண்டு வாளிகளைப் பற்றி நாலே வாக்கியத்தில் சொன்னாள். மிஸ் டாக்கெட் இரண்டையும் சுவைத்தாள். புருவம் ஏறியது.

ஸ்டைவர் சிரித்தார். "ஒரு வாளியில என் எண்பத்தெட்டு. இன்னொண்ணுல சாதாரணப் பூ. திருடிகிட்ட ரெண்டு வாளி இருக்கக் கூடாதா? கூரையில பச்சை ஒட்டியிருக்காம். அது என்னோட பச்சைதான்! என்னைக்குப் போட்டாள்னு யாருக்குத் தெரியும்? அவ நோட்டுல ஏழாம் நாள்னு இருக்கும். கடிகாரம் தப்பா ஓடாதே. என்ன, ஹசிந்தா?"

அவருக்கு அது தெரிந்திருந்தது. அவள் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்பதன் மேல்தான் அந்தச் சிரிப்பு உட்கார்ந்திருந்தது. ரமீரோவுக்கு அவர் முகத்தில் ஒரு அறை விட வேண்டும்போல் இருந்தது.

எல்லாரும் ஹசிந்தாவைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, பட்டறை வாசலில், வேலைக்காரர்கள் நாலைந்து பேர் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களையும் பார்த்தாள். பிறகு போய் ஜன்னலைத் திறந்தாள். நன்றாக, முழுசாகத் திறந்தாள்.

"ரெண்டாம் நாள் போட்டேன்" என்றாள், வெளியில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. "நோட்டுல ஏழுன்னு பொய் எழுதினேன். உங்க விசிறி உடைஞ்சதுன்னு கூப்பிட்டீங்க. போற அவசரத்துல, போட வேண்டிய நாளுக்கு அஞ்சு நாள் முன்னாடியே, முட்டாள் மாதிரி கொட்டினேன். கூரை வரைக்கும் அடிச்சுது. என் தப்பு. பத்தொன்பது வருஷத்துல ஒண்ணு. எல்லாரும் கேட்டுக்கங்க, ரெண்டாம் தடவை சொல்ல மாட்டேன். ஆனா போட்டது இந்தப் பை. இதுல இருக்கிறது உங்க முத்திரை, உங்க காஸ்கேட், நீங்க உங்க கையால கொடுத்தது."

வெளியே யாரும் சிரிக்கவில்லை.

"நல்லாருக்கு" என்றார் ஸ்டைவர். ஆனால் குரலில் பழைய எடை இல்லை. "ரெண்டாம் நாளோ ஏழாம் நாளோ, அதனால பூ மாறிடுமா?"

"அதைத்தான் கேக்க வந்தேன்" என்று ஓடெட் ஓரத்து நாற்காலியின் பக்கம் திரும்பினாள். "மிஸ் டாக்கெட், எண்பத்தெட்டை எந்த நாள் போடணும்னு இவர் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கார்?"

மிஸ் டாக்கெட் கோப்பைத் திறந்தாள். பழக்கமான காகிதம், தேடவே இல்லை. "ரெண்டாம் நாள்" என்று படிக்க ஆரம்பித்தவள் அதே வேகத்தில் நின்றாள். மறுபடி, மெதுவாகப் படித்தாள். "'ஈஸ்ட் முழு வேகத்தில் இருக்கும்போது, ரெண்டாம் நாள் மட்டும். தாமதித்தால் இந்த ரகத்தின் வாசம் வெளிப்படாது.' அடியில கோடு போட்டிருக்கார். ரெண்டு கோடு."

ரமீரோ சத்தமில்லாமல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"உலகத்துல எல்லாரும் ஏழாம் நாள் போடுறாங்க" என்றாள் ஓடெட். "அதனால ரெண்டாம் நாள் போட்டா சாதாரணப் பூவுக்கு என்ன வாசம் வரும்னு இந்த ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாது. மிஸ்டர் ஸ்டைவருக்குத் தெரிஞ்சிருக்கு. எப்பவோ அவருக்கும் இந்த அம்மாவுக்கு ஆன மாதிரியே கை தவறியிருக்கும். இந்த அம்மா வெட்கப்பட்டு மறைச்சாங்க. இவர் அதே சாதாரணப் பூவுக்கு வேலி போட்டு, நம்பர் கொடுத்து, விலை பேசினார். சனிக்கிழமை மேசையில அந்தக் கோப்பை வந்தப்போ இவருக்கு ஒரு நிமிஷம்தான் இருந்துச்சு. இவங்க திருடலைன்னா, அப்ப எண்பத்தெட்டுன்னு ஒண்ணு கிடையாது."

"அபாண்டம்!" ஸ்டைவர் எழுந்தார். "என் வக்கீல்..."

"ஒரு கைப்பிடி" என்றாள் மிஸ் டாக்கெட்.

"என்ன?"

"இத்தனை மாசமா பீராத்தான் ஊத்தினீங்க. பேட்டன்ட் கிடைக்கிற வரைக்கும் பூவைத் தர முடியாதுன்னு சொன்னீங்க, ஒத்துக்கிட்டேன். இப்ப ஒரு கைப்பிடி எண்பத்தெட்டு இந்த மேசைக்கு வரட்டும். பக்கத்துல இந்தப் பையிலிருந்து ஒரு கைப்பிடி. ரெண்டையும் கசக்கி மோந்து பார்த்துட்டு நான் கையெழுத்துப் போடறேன்."

"வேலிச் சாவி என் மகன்கிட்ட இருக்கு. அவன் ஊர்ல இல்ல."

"அப்ப உங்க இடுப்புல தொங்குறதெல்லாம் என்ன சார், நகையா?" என்றான் ரமீரோ.

யாரும் நகரவில்லை. ஸ்டைவரின் கை சாவிக்கொத்தின் மேல் போனது, அங்கேயே நின்றது. மிஸ் டாக்கெட் ஐந்து நிமிஷம் காத்திருந்தாள். மரியாதைக்காக. பிறகு பேனாவை மூடினாள், கோப்பை மூடினாள், பம்பளிமாசு புட்டியில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்தாள்.

"இதுவும் நல்ல பீர்தான்" என்று ஹசிந்தாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"ஹசிந்தா" என்றார் ஸ்டைவர் கடைசியில். "ஏதோ ஆயிடுச்சு. நான் புகார் கொடுக்கப் போறதில்ல. திங்கட்கிழமை வழக்கம்போல வா. வீடும் இருக்கட்டும்."

ஹசிந்தா மேசையிலிருந்த காகிதத்தை எடுத்தாள். திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே இருக்க, அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க. ஹசிந்தா ஒரோஸ்கோ எதையும் எடுக்கலைன்னு. சனிக்கிழமை எத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களோ அத்தனை பேர் படிக்கிற அளவு பெருசா."

"அதெல்லாம் எதுக்கு, நமக்குள்ள..."

"நமக்குள்ள ஒண்ணும் இல்ல."

அவர் ஓடெட்டைப் பார்த்தார். ஓடெட் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் எழுதினார். ஹசிந்தா வரி வரியாகப் படித்து, ஒரு எழுத்தைத் திருத்தச் சொல்லி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

*

பட்டறைக்கு அவள் நேராக நடந்தாள். ஸ்டைவர் பின்னாலேயே போனார். ரமீரோவும் ஓடெட்டும் வாசலில் நின்றார்கள். பறிப்பு இயந்திரம் நடுவில் யானைபோல் நின்றுகொண்டிருந்தது, பக்கத்தகடு கழற்றிய நிலையில்.

"என்ன பண்ற?"

"என் கருவிங்களை எடுக்கிறேன். தோட்டத்துக் கருவி அந்தப் பக்கம், என்னுது இந்தப் பக்கம். கிட்ட வந்து நின்னு பாருங்க, ஹார்லன். நாளைக்கு ஒரு நட்டு காணோம்னு யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது."

பத்தொன்பது வருஷமாக மிஸ்டர் ஸ்டைவர் என்று கூப்பிட்டவள். பெயரைக் கேட்டதும் வேலைக்காரர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள்.

ஒவ்வொரு ஸ்பானராக எடுத்தாள். எடுத்ததை அவர் கண்ணெதிரே தூக்கிக் காட்டினாள், அளவைச் சொன்னாள், பெட்டிக்குள் வைத்தாள். அவசரப்படவில்லை. ஒரு வாக்கியம் சொல்லி எல்லாரையும் வேலைக்கு விரட்டியிருக்கலாம் ஸ்டைவர். அவரும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கடைசி ஸ்பானர் வரை.

"பைத்தியக்காரத்தனம்" என்றார். "எங்க போவே? வீட்டை விட்டா இந்த ஊர்ல உனக்கு..."

"வெள்ளிக்கிழமை காலி பண்ணிடுவேன்."

"இந்த மெஷினை அடுத்த அறுவடைக்கு யார் ஓட்டுவா?"

"உங்க எண்பத்தெட்டைக் கேளுங்க."

யாரோ ஒருத்தன் பின்னாலிருந்து சத்தமாகச் சிரித்துவிட்டான். ஸ்டைவர் திரும்பிப் பார்த்தார். யார் என்று தெரியவில்லை. எல்லார் முகமும் ஒன்றுபோல் இருந்தது.

பெட்டி கனத்தது. ரமீரோ முதுகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு பக்கத்தைப் பிடித்தான்; மறுபக்கம் அவள் பிடித்தாள். அவளுடைய பழைய பிக்கப் வண்டியின் பின்னால் ஏற்றினார்கள்.

"டீச்சர், நிஜமாவே எங்க போவீங்க?"

"தெரியல." அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "முப்பது வாளியும் பார்லி மால்ட் மூட்டையும் அடுக்குற அளவுக்கு எங்கயாவது ஒரு கொட்டகை இருந்தா சொல்லு. கூரை தாழ்வா இருக்கணும். கை எட்டணும்."

ரமீரோ சிரித்தான். அவளும் சிரித்தாள், அந்த வாரத்தில் முதல் தடவையாக.

தொழிலாளிகளின் வண்டிகள் எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் போகும். முன்வாசல் வெள்ளைக் கூழாங்கல் பாதை முதலாளி குடும்பத்துக்கு. ஹசிந்தா வண்டியைத் திருப்பினாள். கூழாங்கற்கள் சக்கரத்தில் நொறுங்குகிற சத்தம் பட்டறைவரை கேட்டது. ஓடெட்டும் ரமீரோவும் தங்கள் காரில் ஏறி, அதே வழியில் பின்னாலேயே போனார்கள்.